கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் பச்சை விளக்கு

மே 12

இன்று எங்கள் கட்டடத்துக்கு இரண்டாவது தடவையாக எதிர்காலம் வந்து சேர்ந்தது.

முதல் தடவை வந்தது 1978இல். நான் அப்போது எங்கள் ஊர் உரும்பிராயில் பால் குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு இத்தாலிக்கார அம்மா சிஞ்ஞோரா கொன்செத்தா அன்று முதல் இங்கேதான் இருக்கிறாள், அவள் சொல்லித்தான் தெரியும். சுவர், கூரை, படிக்கட்டு எல்லாவற்றையும் தொழிற்சாலையில் வார்த்து, லொறியில் கொண்டுவந்து, சீட்டு விளையாடுகிற கடதாசிக்கூட்டம் அடுக்குகிற மாதிரி அடுக்கினார்களாம். ஏழைகளுக்கான புதிய தொழில்நுட்பம் என்று பத்திரிகையில் படம் வந்ததாம். முதல் மழைக்கே சுவரும் சுவரும் சேருகிற இடத்தால் தண்ணீர் இறங்கியது. பலெர்மோவின் ஓரத்தில் எங்கள் எட்டு வீடும் அன்றிலிருந்து மாரியில் ஊறுகின்றன, கோடையில் வேகின்றன.

இரண்டாவது எதிர்காலத்தைக் கொண்டுவந்தவர் வடக்கிலிருந்து வந்த பேராசிரியர் வெல்லூத்தி. மூன்று மாதமாகக் கட்டடத்துக்கு மேல் மரத்தால் ஒரு சட்டை தைத்தார்கள். சட்டைக்கும் சுவருக்கும் நடுவே பழைய துணியை அரைத்து அடைத்தார்கள். பல்கணியைக் கண்ணாடி போட்டு மூடி, அதற்குக் 'குளிர்காலத் தோட்டம்' என்று பெயர் வைத்தார்கள். இந்த ஊரில் குளிர்காலம் என்பது தை மாதத்தில் இரண்டு கிழமை. மற்ற நாளெல்லாம் அது அப்பம் சுடுகிற அடுப்பு. யன்னல் திறக்க ஏலாது. மொட்டை மாடியில் ஒரு இயந்திரம் இருக்கிறது, அது எங்களுக்காக மூச்சு விடுமாம். அதற்குப் பெயர் நுரையீரல்.

கடைசியாக வீட்டுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி தந்தார்கள், உள்ளங்கை அளவில். வீட்டுக்குள் சூடோ புகையோ கூடினால் சிவப்பு எரிந்து கத்தும். இல்லாவிட்டால் பச்சை. உள்ளே எத்தனை பாகை என்று பேராசிரியருக்கும் அனுப்புமாம். கோடை முழுக்கப் பச்சையாக இருக்கிற வீட்டுக்குப் புரட்டாதியில், அதாவது செப்டம்பரில், வாடகை ஒப்பந்தம். அடிக்கடி சிவப்பானால் பட்டியலில் பெயர் இராது.

எங்களுக்கு வேண்டியது அந்த ஒப்பந்தம் ஒன்றுதான். முன்பிருந்தவரிடம் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு நுழைந்த வீடு இது. வீடு பகிர்ந்து கொடுக்கிற அரசாங்கக் கந்தோரைப் பொறுத்தவரை பதினொரு வருடமாக இந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவருமில்லை. விலாசம் இல்லாமல் இந்த நாட்டில் மூக்கு ஒழுகுகிற தடிமனுக்குக்கூட ஒழுங்காக மருந்து எடுக்க முடியாது.

என் வீட்டுக்காரர் குணசீலன் ஹோட்டல் குசினியில் வேலை. எட்டு வீட்டுக்கும் அவரைத்தான் பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். வேறு ஒருவரும் கை தூக்கவில்லை. கழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. சாப்பிடும்போதும் கழற்றவில்லை.

ஜூன் 9

இன்று தூள் வறுத்தேன்.

வருடத்துக்கு ஒரு தடவை வறுத்து வைக்கிற கறித்தூள். கடைத் தூளில் குழம்பு வைத்தால் அவருக்கும் இறங்காது, எனக்கும் இறங்காது. முன்பெல்லாம் பல்கணியில் அடுப்பை வைத்து வறுப்பேன். கீழே போகிறவன் தும்முவான், நிமிர்ந்து பார்த்துக் கை காட்டுவான், அவ்வளவுதான். இப்போது பல்கணி தோட்டமாகிவிட்டது. குசினியில்தான் வறுக்க வேண்டும்.

மல்லி வறுக்கும்போது பெட்டி பேசாமல் இருந்தது. பெருஞ்சீரகத்துக்கும் பொறுத்துக்கொண்டது. செத்தல் மிளகாயைச் சட்டியில் கொட்டியதுதான் தாமதம், சிவப்பு எரிந்து குய்யோ முறையோ என்று கத்தத் தொடங்கிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. விசிறினேன். தலையணையால் அமுக்கினேன். சேலைக்குள் சுற்றினேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை. பதினொரு வருடம் என் கண் முன்னால் புகையாய்ப் போகிறது. கைக்கு எட்டிய கதவைத் திறந்து அதை உள்ளே தள்ளிச் சாத்தினேன்.

சத்தம் நின்றது. மிளகாயை இறக்கிவிட்டுத் திறந்து பார்த்தால் பச்சை.

எந்தக் கதவு என்று எழுதத் தேவையில்லை. எங்கள் குசினியில் இரண்டு கதவுதான். ஒன்று நான் உள்ளே வருகிற கதவு.

ஜூன் 10

பெட்டி பச்சை. கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் சுகமாக இருக்கிறது.

ஜூன் 18

அவர் வேலைக்குப் போனதும் பெட்டி உள்ளே. அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியே, மேசையில். அதற்குள் அது நல்ல குளிராக இருக்கும், இரவுச் சாப்பாடு வரைக்கும் தாங்கும். அவர் படுத்ததும் திரும்ப உள்ளே, விடிய வெளியே.

இன்று சாப்பிடும்போது எனக்கு அரை மணித்தியாலம் பாடம் நடந்தது.

"பாத்தீரோ, பச்சை. நான் அண்டைக்கே சொன்னனான். உந்த மனிசன் சும்மா ஆளில்லை. துணியை அடைச்சுச் சூட்டை மறிச்சுப் போட்டான்."

"ஓம்" என்றேன். நெற்றியில் வடிந்த வேர்வை என் சோற்றில் விழுந்தது.

"உமக்கு மட்டும் ஏன் இப்பிடி வேர்க்குது?"

"எனக்கு ஊரிலையும் இப்பிடித்தான்" என்றேன். அவருடைய சேட்டும் முதுகில் ஒட்டிக்கிடந்தது. அதை அவர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு விஷயம் குழப்பமாக இருக்கிறது. பெட்டியை நான் மேல் தட்டில்தான் வைத்தேன். இரண்டு தரம் விடிய எடுக்கும்போது கீழ்த் தட்டில், மீனுக்குத் தள்ளி இருந்தது. வெக்கையில் எனக்கு மறதி கூடிவிட்டது.

ஜூலை 1

நுரையீரலுக்கு ஆஸ்துமா வந்துவிட்டது. மத்தியானம் ஒரு மாதிரி இழுத்து இழுத்து நிற்கிறது. பழுது பார்க்க வந்தவன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, வெயில் கடுமை என்று எழுதிவிட்டுப் போனான். வெயிலுக்காகத்தானே அதை வைத்தார்கள் என்று கேட்க வாய் வந்தது. பட்டியலை நினைத்து மூடிக்கொண்டேன்.

பின்னேரம் கொன்செத்தாவுக்குப் புட்டுக் கொண்டுபோனேன். எழுபத்தொன்பது வயது, தனிக்கட்டை, இதயத்துக்கு மூன்று குளிசை. மகன் ஜெர்மனியில். இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த முதல் நாள் தண்ணீர் இல்லாமல் நின்றபோது வாளியோடு வந்து கதவைத் தட்டியவள் அவள்தான். அவள் பேசுவதை நான் எங்கள் தமிழில்தான் எழுதுவேன். அவள் வாயும் எங்கள் ஊர் வாய்தான்.

அவள் வீட்டில் மகன் வாங்கிக்கொடுத்த பழைய ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சோதனை நடக்கிற வீட்டில் ஏசியைத் தயவுசெய்து பாவிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். 'தயவுசெய்து' என்றால் அவளுக்குக் காது கேட்காது.

"உங்கட பெட்டி எங்க?" என்று கேட்டேன். மேசையில் காணவில்லை.

"வெக்கை தாங்கேலாது எண்டுது பிள்ளை. மலைக்கு அனுப்பிப்போட்டன்" என்று பிரிஜ்ஜைப் பார்த்துக் கண்ணடித்தாள். "எல்லா வீட்டிலையும் அனுப்பிப்போட்டினம். நீ அனுப்பேல்லையோ?"

எனக்கு வந்த சிரிப்பில் புட்டு மூக்கில் ஏறிவிட்டது. நான் மட்டும்தான் கள்ளி என்று இவ்வளவு நாளாகக் கூனிக் குறுகித் திரிந்தேனே.

ஜூலை 8

பேராசிரியர் வந்தார். கையில் ஒரு வரைபடம், முகத்தில் சந்நிதி கண்ட பக்தனின் கண்ணீர்.

பேராசிரியர் பேசுவதை எழுத்துத் தமிழில்தான் எழுத வரும். "சிஞ்ஞோரா, நேற்று நண்பகல் வெளியே நாற்பத்தொரு பாகை. உங்கள் இல்லத்தில் ஆறு. ஆறு! இது வரலாற்றில் இல்லாத பெறுபேறு."

ஆறு பாகை வீட்டில் ஒரு மனிதர் இப்படி வேர்த்து ஒழுகுவாரா என்று அவருக்குத் தோன்றவில்லை. கூட வந்த பெண் என்ஜினியருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பேராசிரியர் திரும்பியதும் அவளும் பிரமித்த முகத்துக்கு மாறிவிட்டாள்.

கோடைச் சோதனை என்றதால் சூடோ புகையோ கூடினால் சிவப்பு என்று மட்டும்தான் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குறைந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. சிசிலியில் ஆடி மாதம் ஆறு பாகையை யார் யோசிப்பார்கள்?

"வெப்பநாட்டுப் பெண்மணி நீங்கள். நண்பகலில் என்ன செய்வீர்கள்? உங்கள் மூதாதையரின் குளிர்ச்சி முறை ஏதேனும்?"

ஏதாவது சொல்லாவிட்டால் போகமாட்டார் போலிருந்தது. "திரைச்சீலையை இழுத்து விடுவன். தேத்தண்ணி போடுவன்" என்றேன்.

"சூடான தேநீர்!" என்று எழுதினார். அடியில் இரண்டு கோடு போட்டார்.

அந்த நேரம் பிரதிநிதி, அட்டையைத் தடவிக்கொண்டு, "எங்கட ஆக்களுக்கு உது பழக்கம்" என்றார். அவரை முறைத்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

ஜூலை 16

வெற்றிக்கு வந்த பரிசைப் பாருங்கள். ஆறு பாகை வீட்டுக்கு ஏசி எதற்கு? கந்தோர் ஆட்கள் நாலு பேர் வந்து, எட்டு வீட்டிலும் தேடி, இருந்த பழைய ஏசிகளையெல்லாம் கழற்றி நிலவறையில் பூட்டிவிட்டுப் போனார்கள். சோதனையின் தூய்மைக்காகவாம்.

எங்களிடம் ஏசியே இல்லை. கொன்செத்தாவிடம் இருந்தது. அவள் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அதைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை செய்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பிழை எங்களிலைதான் பிள்ளை. ஆறு கூடிப்போச்சு. பதினெட்டிலை வைச்சிருக்கோணும்" என்றாள்.

ஜூலை 17

கொன்செத்தாவின் மேசை விசிறியும் பழுது. என்னுடையதைக் கொடுத்தேன்.

ஜூலை 23

நான் துப்புரவு வேலை செய்கிற வீட்டிலிருந்து மத்தியானம் வந்து கொன்செத்தாவின் கதவைத் தட்டினேன். சத்தமில்லை. திறப்பு என்னிடமும் ஒன்று உண்டு. திறந்தால் வீட்டுக்குள்ளிருந்து ரொட்டி சுடுகிற போறணை மாதிரி வெக்கை முகத்தில் அடித்தது. அவள் குசினித் தரையில் கிடந்தாள். பிரிஜ் கதவு திறந்திருந்தது. குளிருக்காகப் பக்கத்தில் போய் இருந்திருக்கிறாள். அவள் தலைக்கு மேலே, தயிருக்குப் பக்கத்தில், பெட்டி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

யன்னலைத் திறக்கப் போனேன். யன்னல் திறக்காது. கதிரையால் அடித்தேன். மூன்று பட்டைக் கண்ணாடி, கதிரைக் கால்தான் முறிந்தது. அவளை இழுத்துப் படிக்கட்டில் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, அம்புலன்ஸ் வரும்வரை ஒப்பாரி வைத்து அழுதேன். எனக்கு இந்த ஊரில் அழுவதற்கு வேறு ஆளில்லை.

ஜூலை 25

உயிருக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மகாராணி மாதிரிப் படுத்திருக்கிறாள்.

"இஞ்ச ஏசி போடுறாங்கள் பிள்ளை. குளிருது. டொக்டரிட்டைச் சொல்லாதை, எனக்கு இன்னும் நெஞ்சு நோகுது."

சிரித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து திரும்பவும் அழுதேன்.

ஆகஸ்ட் 4

பேராசிரியருக்கு ஏதோ பெரிய விருதாம். இன்னும் நானூறு வீடு இதே மாதிரிக் கட்டப்போகிறார்களாம். ஏசி வைக்கக் குழாய்கூட விடமாட்டார்களாம், தேவையில்லையே. மாத முடிவில் பெரிய ஆட்களோடு எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள்.

பத்திரிகையில் இதை வாசித்துக் காட்டிய பிரதிநிதியின் முகத்தில் வழக்கமான பூரிப்பு இல்லை. நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, அவை வந்தால் நான் உண்மையைச் சொல்லப் போறன்."

"என்ன உண்மை?"

"பெட்டி பிரிஜ்ஜுக்குள்ள இருந்தது. முதல் நாளிலிருந்து."

அவர் பத்திரிகையை மடித்தார். மடித்ததைத் திரும்ப மடித்தார்.

"தெரியும்" என்றார். "நீர் மேல் தட்டிலை வைக்கிறனீர். அது ஐஸ் பிடிக்கிற இடம். பற்றரி செத்துப்போகும். அதுதான் கீழ வைச்சனான்."

இந்த மனிதர் அரை மணித்தியாலம் துணி அடைத்த கதை சொன்னாரே!

"பின்னை ஏன் எனக்குப் பாடம் எடுத்தனீங்கள்?"

"எனக்கும் நம்பவேணும் போல இருந்தது, பத்மா." கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். "புரட்டாதி வரைக்கும் பொறும். ஒப்பந்தம் கையிலை வரட்டும். பதினொரு வருசம்."

"கொன்செத்தா செத்திருந்தால்?"

எனக்கும் அந்த ஒப்பந்தம் வேண்டும், அதுதான் வெட்கக்கேடு. இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 29

வந்தார்கள். கோட்டும் சூட்டுமாகப் பன்னிரண்டு பேர் என் சின்னக் குசினிக்குள். வெளியே வெயில் கொளுத்துகிறது. நுரையீரல் காலையிலேயே படுத்துவிட்டது.

பேராசிரியர் கைகளை விரித்தார். "உணருங்கள், நண்பர்களே. இயந்திரக் குளிரூட்டல் எதுவுமில்லை. கட்டடமே குளிர்கிறது."

எல்லோரும் உணர்ந்தார்கள். ஒரு கனவானின் மூக்கு நுனியில் வேர்வைத் துளி தொங்கிக்கொண்டே இருந்தது. "உண்மையில் மிகவும் இதம்" என்றார். துளி விழுந்தது. இன்னொரு அம்மாள் விசிறிக்கொண்டே, "எனக்குச் சற்றுக் குளிரக்கூடச் செய்கிறது" என்றாள். எங்கள் ஊரில் ராசா வந்தாலும் இப்படிப் பொய் சொல்ல மாட்டார்கள், வெக்கை என்றாவது முணுமுணுப்பார்கள்.

வாசலில் கொன்செத்தா தடியை ஊன்றி நின்றாள். ஆஸ்பத்திரியால் வந்து நாலு நாள். முகம் வெளிறிப்போயிருந்தது. அவளைப் பார்த்தேன், என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நின்றார். பிரிஜ்ஜுக்கு முன்னால் இவ்வளவு நேரமும் மறித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

திறந்தேன்.

கத்தரிக்காய். பாகற்காய். தயிர்ச் சட்டி. நடுவில் பச்சையாக எரிந்துகொண்டு பேராசிரியரின் பெட்டி.

"இதுதான் உங்கட ஆறு பாகை" என்றேன். என் இத்தாலி அரைகுறைதான், ஆனால் இதற்கு இலக்கணம் தேவைப்படவில்லை. "எட்டு வீட்டிலையும் இப்பிடித்தான். இதை நம்பி ஏசியைக் கழற்றினீங்கள். இந்த மனிசி சாகப் பாத்தவ."

திறந்த பிரிஜ்ஜிலிருந்து வந்த குளிர் காற்றுக்குப் பன்னிரண்டு பேரும் தங்களை அறியாமல் ஒரு அடி முன்னால் வந்தார்கள். பேராசிரியர் பெட்டியைப் பார்த்தார். பெட்டியும் அவரைப் பார்த்தது. பெண் என்ஜினியர் தரையைப் பார்த்தாள். பிறகு பேராசிரியர் மிக மெதுவாகக் கையை நீட்டி, ஒரு தொட்டில் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிற பவ்வியத்தோடு, பிரிஜ் கதவைச் சாத்தினார்.

"திறந்து வைக்காதீர்கள், சிஞ்ஞோரா" என்றார். "குளிர் வெளியே போய்விடும்."

"அடுத்து, குளிர்காலத் தோட்டம்" என்று அவர் சொல்ல, எல்லோரும் பல்கணிப் பக்கம் நகர்ந்தார்கள்.

செப்டம்பர் 11

ஒப்பந்தம் வந்துவிட்டது. எட்டு வீட்டுக்கும்.

எங்களுக்குத் தராமல் விட வேண்டுமென்றால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதினால் பிரிஜ் வரும். பிரிஜ் வந்தால் விருது போகும், நானூறு வீடு போகும். பதினொரு வருடம் நாங்கள் உண்மையாக இருந்தபோது கிடைக்காத விலாசத்தை ஒரு பொய் வாங்கித் தந்திருக்கிறது. அதுவும் எங்கள் பொய்யல்ல, அவர்களுடையது. எங்களுடையதைத்தான் நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேனே.

கையெழுத்து வைத்துவிட்டு வரும்போது அவர் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எங்கள் கலியாண வீட்டில்கூட அப்படிப் பிடிக்கவில்லை.

நானூறு வீட்டுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று கந்தோர் வாசலில் பெண் என்ஜினியரிடம் கேட்டேன். "பெட்டியைச் சுவரோடு சேர்த்துப் பூட்டப் போகிறோம், யாரும் கழற்ற முடியாது" என்றாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "பிரிஜ் வைக்கிற சுவரில்" என்றாள்.

செப்டம்பர் 12

நிலவறைப் பூட்டை உடைத்தோம். பிரதிநிதிதான் உடைத்தார். ஹோட்டலிலிருந்து எலும்பு வெட்டுகிற கத்தி கொண்டுவந்திருந்தார். கொன்செத்தாவின் ஏசியை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினோம். விருது வாங்கிய சுவரில் துளை போட்டபோது உள்ளிருந்து அரைத்த துணி பொலபொலவென்று கொட்டியது. அதோடு யாரோ ஒருத்தனுடைய காற்சட்டைப் பொத்தானும் விழுந்தது. கொன்செத்தா அதைப் பொறுக்கி அலுமாரிக்குள் வைத்தாள்.

ஏசி ஓடியதும் அதற்கு நேரே கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "ஆறிலை விடு பிள்ளை" என்றாள்.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, குளிர்காலத் தோட்டத்தின் கண்ணாடியை அவர் சுத்தியலால் ஒவ்வொன்றாக எடுத்தார். பின்னேரக் கடற்காற்று உள்ளே வந்தது. தூள் முடியவில்லைத்தான். முடியாவிட்டால் என்ன, பல்கணியில் அடுப்பை வைத்து இன்னும் ஒரு சட்டி வறுத்தேன். கீழே போன ஒருவன் தும்மி, நிமிர்ந்து பார்த்துக் கை காட்டினான்.

பெட்டியை எடுத்து வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். குளிர் விட்டதும் சிவப்பு எரிந்து கத்தத் தொடங்கியது. அவர் ஓடிவந்து எடுக்கப் போனார்.

"விடுங்கோ" என்றேன். "பாவம், கோடை முழுக்க வாய் மூடி இருந்தது. இப்பவாவது உண்மையைச் சொல்லட்டும்."

மிளகாய் கருகப் பார்த்தது. இறக்கி வைத்தேன்.